தருமமன்று, கடன்

சென்ற மாதம் ஆர்.எஸ்.புரத்தில் நம் பங்கு இல்லத்திற்கு ஓர் இளைஞர் வந்தார். ஏழு பேர் வேலை செய்யும் பட்டறையில் பவர் பிரஸ் அவருடைய வலக்கைக் கட்டைவிரலைக் கொண்டுபோயிருந்தது. "முதலாளி நல்லவருங்க சாமி. ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தாருங்க, கையில பத்தாயிரமும் கொடுத்தாருங்க" என்றார். இனி எக்கோரிக்கையும் இல்லையென்று ஒரு தாளில் கையொப்பமும் வாங்கியிருந்தார் அந்த நல்லவர். நம் திருவிழாவிற்குத் தாராளமாக நன்கொடை தருபவரும் அவரே. அவரைப் புண்படுத்துவது நம் நோக்கமன்று. ஆயினும் அவர் செய்ததைத் தருமம் என்றழைக்க நம்மால் இயலாது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதல் 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை நெறி ஒன்றே: வேலையினால் நேர்ந்த விபத்திற்கு முதலாளியே பொறுப்பு. உரிமையைக் கைவிட்டதாக எழுதி வாங்கிய தாள் செல்லாது. "அவன் கவனமின்றிக் கைவைத்தான்" என்பது மட்டுமே அவரை விடுவிக்காது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போயிற்று எனச் சட்ட அட்டவணையே கூறுகிறது. இழப்பீட்டுக் கணக்கு வயதையும் ஊதியத்தையும் பொறுத்தது. முதலாளியின் மனநிலையைப் பொறுத்ததன்று.

கோவைக்கு இது புதிய பாடமா? தமிழகத்தில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955-இல் முதன்முதலாகத் தொடங்கியது இந்நகரில்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில், 2019 முதல் முதலாளி ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். அதற்கு ஈடாகச் சிகிச்சையும், ஊனத்திற்கு உதவித்தொகையும் கிடைக்கின்றன. அச்சிறு தொகையை மிச்சப்படுத்தவே பதிவேட்டில் பெயர்களை மறைப்போர் நம்மிடையே இல்லையா?

"சிறிய பட்டறை தாங்குமா?" என்பர். இயந்திரத்திற்குக் காப்பீடு செய்பவர், அதை இயக்கும் கைக்குச் செய்யலாகாதா?

சண்டையில் பிறனை அடித்தவன்கூட, அவன் வேலையிழந்த காலத்திற்கு ஈடு கொடுத்து, முற்றும் குணமாக்கவும் வேண்டும் என்கிறது விடுதலைப் பயணம் (21:19). மருத்துவச் செலவு பாதிக் கடனே என்பதை மோசே அன்றே அறிந்திருந்தார்! திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலும், விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு மருத்துவ உதவி எளிதில் கிட்ட வேண்டும் என வற்புறுத்துகிறது.

குருக்களாகிய நாமும் குற்றமற்றவரல்லர். கோவில் கோபுரத்திற்கு வண்ணம் பூசச் சாரத்தில் ஏறுபவர் தவறி விழுந்தால் யார் பொறுப்பு என்று என்றேனும் கேட்டோமா? இனிக் கேட்போம்.

அந்த இளைஞர் தொழிலாளர் துறைக்கு மனு எழுத உதவியுள்ளோம். நன்கொடை நின்றுபோகலாம். திருவிழாவில் ஒரு தோரணம் குறைந்தால் புனிதர் கோபிக்கமாட்டார்.