555 புத்தகத்தில் எழுதிய கோல்கள்

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி 11.30 மணிக்கு லிவர்பூலும் மென்செஸ்டர் யுனைடெட்டும் மோதினால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று அட்டவணை போட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டு அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. மாமா தம் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடித்துவிட்டார். நானும் சிவப்புச் சட்டைதான். இரண்டு சிவப்புக்கும் என்ன வித்தியாசம் என்று பாட்டிக்கு இன்றுவரை யாராலும் விளக்க முடியவில்லை.

தம்பி மட்டும் வந்து சேரவில்லை. ஜொகூர் பாருவிலிருந்து மோட்டாரில் வந்துகொண்டிருந்தான்.

அந்த ராத்திரிக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் இந்தப் பருவத்தின் முதல் இரண்டு மாதக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். லிவர்பூல் ரசிகர்கள் நம் வீடுகளில் நிறைய பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் இதே வயிற்றெரிச்சல் இருக்கும்.

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை விடியற்காலை 3 மணி. முதல் ஆட்டம், போர்ன்மத்துடன். எகிடிகே ஒன்று, காக்போ ஒன்று என 2-0 முன்னிலை. நான் தே ஓ கலக்கிக்கொண்டு வருவதற்குள் செமென்யோ இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கிவிட்டார். 88ஆவது நிமிடத்தில் கியேசா, பிறகு கூடுதல் நேரத்தில் சாலா. 4-2. நல்ல தொடக்கம் என்றுதான் எல்லாரும் சொன்னோம்.

பத்து நாள் கழித்து நியூகாசல். செவ்வாய்க்கிழமை விடியற்காலை, வேலை நாள். எதிரணியில் ஒருவர் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார். நாம் 2-0. பத்துப் பேரை வைத்துக்கொண்டு அவர்கள் 88ஆவது நிமிடத்தில் 2-2 ஆக்கினார்கள். கூடுதல் நேரத்தின் பத்தாவது நிமிடத்தில், 17 வயதுகூட நிறையாத ரியோ எங்குமோஹா பந்தை வளைத்து உள்ளே அனுப்பினான். லிவர்பூல் வரலாற்றிலேயே மிக இளைய வயதில் கோல் அடித்தவன். அப்போது மணி இங்கே ஐந்தைத் தாண்டியிருந்தது. தம்பி சிங்கப்பூர் வேலைக்காகப் பாலத்தில் மோட்டார் வரிசையில் நின்றிருந்தான். "யாருக்கா அடிச்சது?" என்று கேட்டு அனுப்பினான். பெயரை எழுதி அனுப்பினேன். "யாரு அது?" என்று திரும்பக் கேட்டான்.

மெர்டேக்கா ராத்திரி ஆர்சனல். மறுநாள் விடுமுறை என்பதால் மாமாக்கடை முழுக்க ஆள். 83 நிமிடம் வரை ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு சோபோஸ்லாய் எங்கிருந்தோ ஒரு ஃபிரீ கிக்கை உதைத்தார். அந்த ஒரு கோலுக்காகவே இந்த மாதச் சந்தாவை நான் ஆஸ்ட்ரோவுக்கு மனப்பூர்வமாகக் கட்டினேன். பிறகு பர்ன்லி. 90 நிமிடமும் கோல் இல்லை, கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் சாலாவின் பினால்டி. அட்லெட்டிகோ மாட்ரிட்டுடன் மறுபடியும் 2-0 முன்னிலை, மறுபடியும் 2-2, மறுபடியும் கூடுதல் நேரத்தில் வேன் டைக்கின் தலை. எவர்ட்டனை மட்டும் அரை மணி நேரத்துக்குள் அடித்த இரண்டு கோலை வைத்துச் சமாளித்தோம். சவுத்தாம்டனுடன் கிண்ண ஆட்டம், 85ஆவது நிமிடத்தில் எகிடிகே. அவர் சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி, இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். தம் பெயரை உலகத்துக்குக் காட்ட வேண்டுமாம். ஐயா, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியும்!

ஆக, ஏழு ஆட்டம், ஏழு வெற்றி. அதில் ஆறு வெற்றிக்கான கோல் 83ஆவது நிமிடத்திலோ அதற்குப் பிறகோ வந்தவை.

நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'சாம்பியன் குணம்'. நானே இதே பக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினேன். இப்போது அதை எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் இதை முதலில் சரியாகப் பிடித்தவர் அப்பா. அவர் எந்த அணிக்கும் ரசிகர் இல்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக்கு மாறி ஓய்வு பெற்றவர். பெரட்டுக்கு எழுந்த பழக்கத்தில் இன்றும் நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும், அதனால் 3 மணி ஆட்டங்களின் இரண்டாம் பாதிக்கு எனக்குத் துணை. பர்ன்லி ஆட்டம் முடிந்து நான் குதித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "எல்லா ஆட்டமும் கடைசி நிமிஷத்துலதான் ஜெயிக்கிறாங்கன்னா, அது 555ல எழுதுன சாமான் மாதிரிம்மா. சம்பள நாள்னு ஒன்னு வரும்."

இளையவர்களுக்காக ஒரு வரி: தோட்டத்துக் கடையில் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கடனுக்குத்தான். கடைக்காரர் 555 என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகத்தில் எழுதி வைப்பார். சம்பள நாளன்று அந்தப் புத்தகத்தை விரிப்பார்.

செப்டம்பர் 27 அன்று விரித்தார்கள். கிரிஸ்டல் பேலஸ். 87ஆவது நிமிடத்தில் கியேசா 1-1 ஆக்கியதும், வழக்கம்போல இன்னொன்று வரும் என்று காத்திருந்தோம். வந்தது. கூடுதல் நேரத்தின் ஏழாவது நிமிடத்தில், நிக்கேட்டியாவின் காலிலிருந்து, நம் கோலுக்குள். அடுத்து துருக்கியில் கலாட்டாசராயிடம் 0-1. அக்டோபர் 4 செல்சி, அங்கேயும் 1-1, கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் எஸ்தெவாவ் என்ற 18 வயதுப் பையன். நியூகாசலில் நம் பையன் செய்ததை நமக்கே திருப்பிச் செய்தான்.

கடைசி நிமிட வெற்றியைக் குறை சொல்லவில்லை. போராடித்தான் அடித்தார்கள். ஆனால் கடைசி நிமிடத்தில் ஜெயிக்க வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று ஆகஸ்டிலேயே கேட்டிருக்க வேண்டும். இரண்டு கோல் முன்னிலையை மூன்று முறை கோட்டை விட்டோம். டிரெண்ட் அலெக்சாண்டர் ஆர்னல்ட் ரியல் மாட்ரிட் போய்விட்டார், லூயிஸ் டியாஸ் பாயர்ன் மியூனிக். இரண்டு ஓரத் தற்காப்பிலும் புதியவர்கள். சாலாவுக்கு வலது பக்கத்தில் பல வருடம் பழகிய கால் இல்லை, பந்து வந்து சேரும் விதமே மாறிவிட்டது. 12 கோடியே 50 லட்சம் பவுன் கொடுத்து வாங்கிய இசாக், பருவத்துக்கு முந்திய பயிற்சியே இல்லாமல் செப்டம்பர் முதல் நாள் வந்து இறங்கினார். பணம் கொட்டி வீடு முழுக்கப் புதுச் சாமான் வாங்கினால், இருட்டில் நடக்கும்போது கால் இடிக்கத்தான் செய்யும். இதெல்லாம் எங்கள் கண் முன்னால்தான் நடந்தது. பட்டியலில் முதல் இடம் இருந்ததால் பார்க்கவில்லை.

மெர்லிமாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஹாங் ஜெபாட் அரங்கம் நம் மாநிலத்திலேயே இருக்க, கடல் தாண்டிய ஊருக்காக ஏன் இப்படித் தூக்கம் கெடுகிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. மலாக்கா எஃப்சி இந்தப் பருவத்தில் சூப்பர் லீகில் இருக்கிறது. குருபோங்கில் மறுபடியும் சூப்பர் லீக் ஆட்டம் நடப்பதே பெரிய விஷயம். 2016இல் பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்று மேலே ஏறிய மலாக்கா யுனைடெட், சம்பளப் பாக்கிப் பிரச்சினைகளுக்குப் பிறகு 2023ஆம் ஆண்டுக்கான உரிமம் கிடைக்காமல் காணாமல் போனது. கடனில் ஓடிய அணிக்குச் சம்பள நாள் எப்படி வரும் என்று மலாக்காக்காரர்களுக்கு வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஹாங் ஜெபாட்டுக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள். ஆனால் லிவர்பூலை விடச் சொல்லாதீர்கள், அது வேறு கணக்கு.

அந்த வேறு கணக்குத் தம்பிதான். அவன் ஜொகூர் பாருவில், நான் இங்கே. வேலை நாளில் அவன் நாலு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பேசுவது இந்த ஆட்டங்களின்போதுதான். 'சாப்பிட்டியா' என்று கேட்டால் 'ம்' என்று நிறுத்திவிடுபவன், ஆஃப்சைடு பற்றி மூன்று நிமிடம் குரல் பதிவு அனுப்புவான்.

ஜூலை 3ஆம் தேதி டியோகோ ஜோட்டா இறந்த செய்தி வந்தபோதும் அவன்தான் முதலில் அனுப்பினான். ஸ்பெயினில் ஸமோரா பக்கம், நள்ளிரவு நெடுஞ்சாலை, வேறொரு வாகனத்தை முந்தும்போது டயர் வெடித்தது. வயது 28. கல்யாணம் முடிந்து பதினொரு நாள். கூடவே அவருடைய தம்பி ஆண்ட்ரே சில்வா. அவரும் காற்பந்து ஆட்டக்காரர். அண்ணனும் தம்பியும் ஒரே காரில்.

அப்பா செய்தியைப் பார்த்துவிட்டு, "ஆறுமுகம் மாதிரி" என்றார். 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம், 1980இல் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம் தேசிய அணியின் கோல்காவலர். 1988இல் சாலை விபத்தில் போனார். அன்று தோட்டத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அம்மாதான் பேசினார், ஜோட்டா யார் என்றே தெரியாமல்: "அவன் ராத்திரியில மோட்டார் ஓட்டறத நிறுத்தச் சொல்லு."

லிவர்பூல் 20ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் 20ஆவது நிமிடத்தில் ரசிகர்கள் அவர் பாட்டைப் பாடுகிறார்கள். இந்தத் தோல்விகளுக்கு அந்த இழப்பும் காரணமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். உடை மாற்றும் அறையில் ஒரு இடம் காலியாக இருப்பதை எந்தப் புள்ளிவிவரத்தில் போடுவது? காரணம் என்று அதைச் சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனம் வரவில்லை, இல்லை என்று தள்ளவும் வரவில்லை.

இப்போது அந்த ராத்திரி. ஆட்டம் தொடங்கி 62ஆவது விநாடியில் எம்பியூமோ கோல். மாமா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் முறுக்குத் தட்டு தரையில். போன ஏப்ரலில் லிவர்பூல் தன் 20ஆவது லீக் பட்டத்தை வென்று யுனைடெட்டின் எண்ணிக்கையைத் தொட்டபோது நான் அவரைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் அன்று வட்டியோடு வாங்கினேன்.

20ஆவது நிமிடம் வந்தது, அன்ஃபீல்டில் பாட்டு எழுந்தது. நான் கைப்பேசியைப் பார்த்தேன். தம்பி ஒன்பதரைக்குப் பாலத்து நெரிசலைத் தாண்டிவிட்டதாக அனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அழைத்தேன், போகவில்லை. மறுபடி அழைத்தேன், பெண் குரல்தான் பேசியது. இடைவேளையில் மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். தீபாவளி நெரிசல், பிளஸ் நெடுஞ்சாலை, இருட்டு. யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காக்போ மூன்று முறை கம்பத்தில் அடித்ததை மறுநாள் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 78ஆவது நிமிடத்தில் அவரே 1-1 ஆக்கியபோது நான் கைதட்டவில்லை.

மணி 1.10 இருக்கும். கேட் சத்தம்.

அம்மா கையில் முறுக்குக் கரண்டி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தார். "அம்மா, ஜாக்கெட் போட்டிருக்கேன், வலிக்கல" என்றான். பாகோ ஓய்விடத்தில் நிறுத்தி, ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, முதல் பாதி முழுவதையும் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். பேட்டரி செத்துவிட்டது. அவ்வளவுதான். நான் கத்தத் தொடங்கிய அதே நேரத்தில் உள்ளேயிருந்து மாமா கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மகுவையராம், 84ஆவது நிமிடம், தலையால். அன்ஃபீல்டில் யுனைடெட் ஜெயிப்பது 2016 ஜனவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. லிவர்பூலுக்கு வரிசையாக நான்காவது தோல்வி, 2014க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை.

"என்னக்கா ஸ்கோர்?" என்றான் தம்பி, தலைக்கவசத்தைக் கழற்றியபடி.

"ஒன்னு ரெண்டு."

"சே. நான் பார்த்தப்ப ஒன்னு சைபர்தானே இருந்துச்சு."

அப்பா அவன் கையிலிருந்து தலைக்கவசத்தை வாங்கி, சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தார். 555 பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

இதை எழுதுவது செவ்வாய்க்கிழமை. எட்டு லீக் ஆட்டத்தில் 15 புள்ளி, ஆர்சனல் 19. நீங்கள் இதைப் படிக்கும் ஞாயிறு விடியற்காலை 3 மணிக்கு பிரெண்ட்ஃபோர்ட்டுடன் ஆட்டம். அடுத்த வாரத்திலிருந்து இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவார்கள், நம் 3 மணி ஆட்டமெல்லாம் 4 மணியாகும், அப்பாவுக்கு வசதி. தம்பி இன்று பகல் இரண்டு மணிக்கே, வெயிலோடு, கிளம்பிவிட்டான். பாகோவில் நின்று ஒரு படம் அனுப்பினான், அதே தூண். கையில் நான் ஜாசினில் வாங்கிக் கொடுத்த பவர் பேங்க்.