காரணத்தையும் சேர்த்து நகலெடுங்கள்

மாணவர்களே, குழுவாக நிரல் எழுதும்போது நண்பர் செய்த திருத்தத்தை வெட்டி ஒட்டுகிறீர்களா? திருத்தம் வரும், அதை யார், ஏன் செய்தார் என்ற குறிப்பு வராது. பிறகு, தேவையற்ற வரி என்றெண்ணி அதை நீங்களே அழித்துவிடலாம். பழைய பிழை மீண்டும் தலைகாட்டும்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ மென்பொருளில் ‘செர்ரி-பிக்’ என்ற கட்டளை உண்டு. ஒரு கிளையில் செய்த திருத்தத்தை மற்றொரு கிளைக்குக் கொண்டுவரும்போது, எழுதியவர் பெயரையும் குறிப்பையும் அது காப்பாற்றும். ‘எக்ஸ்’ தெரிவையும் சேர்த்தால், மூலத் திருத்தத்தின் அடையாளக் குறியீடு குறிப்பின் இறுதியில் பதிவாகும்.

ஆனால், “சரிசெய்தேன்” என்று மட்டும் எழுதிய குறிப்பைக் காப்பாற்றி என்ன பயன்? ஆய்வுக்கூடத்தில் அளவீட்டை மட்டும் எழுதி, அளந்த முறையை விட்டுவிட்டால் அறிக்கை முழுமையாகாது. நிரலுக்கும் அதே விதிதான். காரணத்தை எழுதுங்கள், நகலெடுக்கும்போது அதையும் உடன் கொண்டு செல்லுங்கள்.