எலும்பு கூடிய பின்

முறிந்த எலும்பு கூடிவிட்டதென எக்ஸ்ரே காட்டுவதும், அந்தக் கால் மிதிவண்டிக்கு ஆயத்தமாவதும் ஒன்றல்ல; மாவுக்கட்டிலோ புத்தூர்க் கட்டிலோ வாரக்கணக்கில் அசையாதிருந்த காலில், முழங்காலை நீட்ட உதவும் முன்தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்துவிடுவதால், அதை மீட்கும் இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, சிகிச்சையின் பின்பாதியாகவே கருதத் தக்கது. டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தை நான்கு முறை வென்ற கிறிஸ் புரூம், 2019 ஜூனில் தொடையெலும்பு முறிந்து, 2020 பிப்ரவரியில் பந்தயத்துக்குத் திரும்பியும் பழைய வேகத்தை எட்டவே இல்லை. தென்காசியில் நிலைமை இன்னும் கடினம். பள்ளி மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி உட்பட இங்கு ஓடுபவற்றில் பெரும்பாலானவை கியர் இல்லாதவை என்பதால், குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு ஏறும் சாலையில் முழங்காலில் விழும் சுமை கூடுகிறது. கால் தரையில் எட்ட வேண்டுமென்று இருக்கையைத் தாழ்த்திவைக்கும் வழக்கமோ, பார்வைக்குப் பாதுகாப்பாகத் தோன்றினாலும், முழங்கால் சில்லின் பின்புற அழுத்தத்தைக் கூட்டுவதாகும். மிதிகட்டை கீழே வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் உயரமே சரியானது. மிதிப்பதைவிட இறங்குவதே ஆபத்து என்பதையும் பலர் எண்ணுவதில்லை: குறுக்கே ஆடு பாய்ந்ததால் திடீரெனப் பிரேக் பிடிக்கையில், ஊன்றும் ஒற்றைக் கால் உடலெடை முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தில், புண்பட்ட காலில் மட்டும் நின்று நிலைகொள்ள இயலாதவர்கள், நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளோடு நிறுத்திக்கொண்டு, மருத்துவர் இசைந்த பின், சாலை உலர்ந்ததும் மிதிவண்டியை வெளியே எடுப்பதே முறை.