காற்றில் தேடும் சிக்கனம்

சிக்கனம் நல்லதன்று எனச் சொல்வார் எவருமிலர். வரவறிந்து செலவு செய்தலும், உள்ள பொருளை வீணாக்காது காத்தலும் இல்வாழ்வார்க்கும் அரசாள்வார்க்கும் ஒப்ப உரிய கடமைகளாம். ஆயினும், சிக்கனம் என்னும் பெயரால் செய்யப்படுவன யாவும் சிக்கனமாகுமோ என்பது ஆராயத்தக்கது. ஒரு பொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி, அதனினும் அருமையான மற்றொன்றைப் பணயமாக வைப்போமாயின், அச்செயலைச் செட்டென்று கூறுவதோ, சூதென்று கூறுவதோ? ஒரு வாடகை வண்டியில் அமர்ந்திருந்த காலை எம் உள்ளத்தில் எழுந்த இவ்வினாவையே ஈண்டு நண்பர்கள் முன் வைக்கின்றோம்.

சென்ற ஆண்டு சாரற்காலத்தில் எம் வகுப்பு மாணவர் அறுவர் மதுரையினின்றும் குற்றாலத்திற்குப் புறப்பட்டோம். ஊரெல்லையில் ஓட்டுநர் வண்டியை ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றேற்றும்படி பணித்தார். கடையில் இருந்த இளைஞர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருந்த சீட்டைப் பார்த்து, "இவ்வளவு வேண்டாமே, அண்ணே, இதில் 32 என்றுதானே போட்டிருக்கிறது?" என்று தயங்கினார். "அது கம்பெனிக்காரன் கணக்கு, தம்பி, இது என் கணக்கு. பத்துப் பவுண்டு கூட வை. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும், பெட்ரோலும் மிஞ்சும்" என்றார் ஓட்டுநர். வண்டி அவர் கூறியவாறே வழுக்கிக்கொண்டுதான் ஓடிற்று. புளியங்குடிக்கு அப்பால் தூறல் விழுந்து நனைந்திருந்த சாலையில் எருமை ஒன்று குறுக்கே வர, அவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது, ஒருபுறமாகச் சறுக்கிச் சென்று, சாலையோரச் சேற்றில் முன்சக்கரம் இறங்க நின்றது. எவர்க்கும் தீங்கில்லை; எருமையும் தன்வழியே சென்றது. மழைக்கும் வேகத்திற்கும் இதில் பங்குண்டாதலின், முழுப்பழியையும் காற்றின்மேற் சுமத்துதல் நேர்மையன்று. ஆயினும், ஓட்டுநரின் கணக்குத்தான் யாது என்று அறியும் வேட்கை அன்று முதல் எம்மை விட்டு நீங்கவில்லை.

டயரினுள் காற்றை அடைக்கும் எண்ணம் பழமையானது. 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். அது வழக்கில் நிலைபெறாது மறைந்தது. பின்னர், பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்கெனக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888-இல் உரிமை பெற்றனர். 1895-ஆம் ஆண்டு பாரிசினின்றும் போர்தோவிற்குச் சென்று மீளும் பந்தயத்தில் மிஷலின் உடன்பிறந்தார் இருவர் அத்தகைய டயர்கள் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். அன்று முதல் இன்றுவரை மோட்டார் வண்டியின் பாரத்தைத் தாங்குவது இரும்பன்று, ரப்பருமன்று. உள்ளே அடைபட்ட காற்றே பெரும்பாலும் அதனைத் தாங்கி நிற்கின்றது.

இனி, ஓட்டுநர் கூற்றில் உண்மை உண்டோ எனின், உண்டு. சுழலும் டயர் தரையைத் தொடும் இடத்தில் அமுங்குகின்றது; தரையை விட்டெழும்போது பழைய உருவை அடைகின்றது. இங்ஙனம் அமுங்கி நிமிருந்தோறும் ரப்பர் தான் பெற்ற ஆற்றலை முழுதும் திருப்பித் தாராது, ஒரு பகுதியை வெப்பமாக இழந்துவிடுகின்றது. நெடுந்தூரம் ஓடிய வண்டியின் டயரைத் தொட்டுப் பார்ப்பின் இவ்வுண்மை கைக்குப் புலனாகும். அவ்வெப்பம் யாவும் பெட்ரோலிலிருந்து பிறந்ததேயாம். காற்றின் அழுத்தம் மிகுந்தால் டயர் அமுங்குதல் குறையும். குறையவே இழப்பும் குறையும். ஆகவே, ஓட்டுநர் பொய் கூறினாரல்லர். அவர் கண்ட மெய்யின் அளவு எவ்வளவு என்பதே கேள்வி.

அமெரிக்க எரிசக்தித் துறையார் வெளியிட்டுள்ள கணக்கின்படி, நான்கு டயர்களிலும் சராசரியாகச் சதுர அங்குலத்திற்கு ஒரு பவுண்டு அழுத்தம் குறைந்தால், எரிபொருட் பயன் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும். குறைந்திருந்த காற்றை உரிய அளவிற்குக் கொணர்வதால் விளையும் நன்மை சராசரியாக 0.6 விழுக்காடும், சிற்சில வண்டிகளில் 3 விழுக்காடு வரையும் ஆகும். இவை குறைந்த காற்றைப் பற்றிய எண்கள். உரிய அளவிற்கு மேலும் அதே வீதத்தில் நன்மை பெருகும் என ஓட்டுநர் பக்கமே சாய்ந்து கொள்வோம். அவர் ஏற்றிய 10 பவுண்டிற்கு 2 விழுக்காடு மிஞ்சும். நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் 6 லிட்டர் குடிக்கும். சென்னையில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைக் கடந்தது 2021-ஆம் ஆண்டில். அவ்விலையையே கொண்டு பார்ப்பின், நாட்செலவு 600 ரூபாய். மிச்சம் 12 ரூபாய். ஆண்டில் 300 நாள் ஓடினும் 3,600 ரூபாய்க்கு மேற்படாது.

இம்மிச்சத்திற்கு ஈடாகக் கொடுப்பது யாது? வண்டிக்கும் நிலத்திற்கும் உள்ள உறவு முழுவதும் நான்கு சிறு பரப்புகளில் அடங்கியுள்ளது. 1,200 கிலோ நிறையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் ஏறத்தாழ 300 கிலோ அமரும். 32 பவுண்டு அழுத்தத்தில் அப்பாரத்தைத் தாங்க வேண்டிய பரப்பு ஏறக்குறைய 133 சதுர சென்டிமீட்டர், அஃதாவது விரல் நீட்டிய ஒரு கையின் அளவு. அழுத்தத்தை 42 பவுண்டாக உயர்த்தின், அப்பரப்பு 102 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கும். டயரின் சுவர்களும் சிறிது பாரம் தாங்குமாதலின் இக்கணக்கு நூலிழை பிசகாததன்று. எனினும், நான்கில் ஒரு பங்கு போயிற்று என்பதை அது நன்கு காட்டுகின்றது.

இயற்பியல் பயிலும் எம் நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு, "உராய்வு பரப்பளவைப் பொறுத்ததன்று எனப் பாடநூல் கூறுகின்றதே, பரப்புச் சுருங்கினால் என்ன?" என்று வினவினார். நல்ல வினாவே. மரமும் கல்லும் போன்ற வன்பொருள்களுக்கு அவ்விதி பெரிதும் பொருந்தும். ரப்பரோ சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுள் தன்னை அமிழ்த்திப் பற்றிக்கொள்ளும் மென்பொருள். ஒரே இடத்தில் நெருக்கம் மிக மிக, அதன் பற்றும் வீதம் குறைந்து செல்லும். எனவேதான் பந்தய வண்டிகள் அகன்ற டயர்களைப் பூண்டுள்ளன. அன்றியும், மிகையான காற்றால் டயரின் நடுப்பகுதி புடைத்து, ஓரங்கள் தரையில் நன்கு பதியா. நம் ஓட்டுநர்கள் 'பட்டன்' என வழங்கும் வரிப்புடைப்புகள் நடுவில் மட்டும் விரைவிற் தேயும். ஓரம் புதிதாயிருக்க நடுவே மொட்டையான டயரைக் கழிக்க நேர்வதால், ஓராண்டில் மிஞ்சிய 3,600 ரூபாயில் பெரும்பகுதி டயர் வாங்குவதிலேயே கரைந்துவிடும். குழிகள் மலிந்த சாலையில் விறைத்த டயர் அதிர்ச்சியை உட்கொள்ளாது வண்டிக்கும் அமர்ந்திருப்பார்க்கும் அனுப்புவதோடு, தானும் உள்ளிழைகள் அறுபட்டு ஊறுபடும்.

எதிர்க்கட்சியார் கூறுவனவற்றையும் மறைத்தல் கூடாது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை காலனுக்கு 4 டாலரைக் கடந்தபோது, துளியளவும் வீணாக்காது வண்டியோட்டும் ஒரு பழக்கம் அந்நாட்டில் பரவிற்று. 'ஹைப்பர்மைலிங்' என்னும் அதன் பெயரை நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் அகராதியார் அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தனர். அப்பழக்கத்தினர் சிலர் டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள பேரெல்லை வரையிலும், அதற்கு மேலும் காற்றேற்றினர். "டயர் செய்தவனே இவ்வளவு தாங்கும் என எழுதியுள்ளானே" என்பது அவர்தம் முதல் வாதம். அவ்வெண் டயர் தாங்கும் எல்லையை உணர்த்துவதேயன்றி, குறித்த வண்டியின் நிறைக்கும் பிரேக்குக்கும் திருப்பத்திற்கும் ஏற்றது எது என்பதை உணர்த்தாது. அதனைக் கூறுவது வண்டி செய்தவர் கதவோரத்தில் ஒட்டிய சீட்டே. ஆட்கள் நிறைந்து பாரம் மிகுந்த காலத்திற்குரிய அளவும் பெரும்பாலும் அச்சீட்டிலேயே இருக்கும். மேலும், இவ்வெண்கள் யாவும் குளிர்ந்த டயருக்குரியன. 27 பாகை வெப்பத்தில் 32 பவுண்டாயிருந்த காற்று, ஓட்டத்தால் 60 பாகையை எட்டும்போது 37 பவுண்டாகிவிடும். எல்லையிலேயே நிறுத்தப்பட்ட காற்றுக்கு நம் நாட்டு நண்பகற்சாலை இன்னும் எவ்வளவு கூட்டும் என்பதை எண்ணிப் பார்க்க.

அவர்தம் இரண்டாம் வாதம் வலியது. தேங்கிய நீரின்மேல் வேகமாகச் செல்லும் டயர் நிலத்தை விட்டு நீரில் மிதப்பதுண்டு. அழுத்தம் மிகுந்த டயர் அவ்வாறு மிதப்பதற்கு இன்னும் மிகுந்த வேகம் வேண்டும் என்பதை நாசா நிறுவனத்தார் 1963-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இதனை யாம் தடையின்றி ஒப்புகின்றோம். ஆயின், நம் சாலைகளில் நாள்தோறும் நேர்வது ஆழ்ந்த நீரில் மிதத்தலன்று. தூறலில் நனைந்த தார்மேலும் மண்மேலும் சறுக்குதலே. அங்கே வேண்டுவது பற்று. இந்நன்மை பிறிதொரு வழியாலும் கிட்டும்: நீர் தேங்கிய இடத்தில் வேகத்தைக் குறைப்பார்க்குக் காற்றை மிகுப்பது வேண்டா.

டயர் வெடிப்பதற்குக் குறைந்த காற்றே பெரிதும் காரணம் என்பது மூன்றாம் வாதம். இதுவும் உண்மை. காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக அமுங்கி, வெந்து, அடுக்குகள் பிரிந்து கெடும். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தார் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றுட் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்தன. அவ்வண்டிக்கு ஃபோர்டு நிறுவனத்தார் விதித்திருந்த 26 பவுண்டு அழுத்தம் மிகக் குறைவென்று டயர் செய்தவரும், டயரின் ஆக்கமே பழுதென்று வண்டி செய்தவரும் வழக்காடினர். அவ்விபத்துக்களில் மாண்டோர் 271 பேர் என அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. அதன் பயனாக எழுந்த சட்டத்தால், 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் புதிய கார்கள் யாவற்றிலும் காற்றுக் குறைவைக் காட்டும் கருவி கட்டாயமாயிற்று. இவ்வரலாறு மிகைக் காற்றுக்குச் சான்றாகாது. உரிய அளவினின்றும் கீழே வழுவுதல் கேடென்பதால், மேலே வழுவுதல் நலமென ஆகிவிடாது. மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் எனக் கண்ட வள்ளுவர், இன்றிருந்தால் காற்றையும் அவ்வரிசையிற் சேர்த்திருப்பர் போலும்!

எம் ஓட்டுநரை யாம் இகழவில்லை. குற்றாலத்தில் வண்டியினடியிற் குந்திச் சேற்றைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, உங்களுக்குப் பன்னிரண்டு ரூபாய் ஒரு தேநீர், எனக்கு அது மாதக் கடைசியில் பிள்ளையின் புத்தகம்" என அவர் கூறிய சொல் இன்றும் எம் செவியில் நிற்கின்றது. வண்டிக்கடன், வரி, காப்புறுதி, எரிபொருள் எனப் பலவும் நெருக்க, அவர் கைக்குள் அகப்பட்டது அக்காற்றொன்றே. அவரைக் குறைகூறுவோர் அவர்க்கு வேறு வழியும் காட்டுதல் வேண்டும்.

வழி இல்லாமலில்லை. திடீரென விரைந்தும் திடீரென நிறுத்தியும் ஓட்டுவதால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடும், நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடும் எரிபொருட் பயன் குறையக்கூடும் என்பது முற்கூறிய துறையாரின் கணக்கு. நிதானமாக ஓட்டுவார் இதில் ஒரு சிறு பகுதியை மீட்டாலும், மிகைக் காற்றின் 2 விழுக்காடு அதன்முன் நில்லாது. தேவையற்ற சுமையை இறக்குதலும், நின்றிருக்கும்போது எஞ்சினை அணைத்தலும், மாதம் ஒருமுறையேனும் குளிர்ந்த டயரில் காற்றை அளந்து சீட்டில் உள்ளபடி வைத்தலும் செலவில்லாதன. இவற்றால் மிஞ்சும் ரூபாய்க்குப் பின்னே எவர் உயிரும் பணயமாக நிற்பதில்லை.

இங்கேதான் இவ்வழக்கின் உயிர்நிலை உள்ளதென யாம் கருதுகின்றோம். ஒருவர் தம் உணவைக் குறைத்து மிச்சம் பிடிப்பின், பசிப்பவர் அவரே. மிகைக் காற்றால் மிச்சம் பிடிப்பாரோ, பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளையின் பங்கையும், எதிரே சைக்கிளில் வருவாரின் பங்கையும், அவரைக் கேளாமலே செலவிடுகின்றார். அன்று அறுவர் எம் பங்கை இழக்க இருந்தோம். எவரும் எம்மைக் கேட்கவில்லை. கடை வாயிலில் அவ்விளைஞர் தயங்கியபோது, யாமும் வாய்திறவாது பேசாமலே இருந்தோம் என்பதையும் மறைக்காது கூறுதல் வேண்டும். ஆதலின், மாணவ நண்பர்காள், அடுத்த முறை வண்டியில் ஏறுமுன் கதவோரச் சீட்டை ஒருகால் நோக்குமின். டயரிலுள்ள அளவு அதனோடு ஒவ்வாவிடின், அண்ணன்மாரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுமின். அவர் 12 ரூபாய் நட்டமாகும் என்பாராயின், அத்தேநீரின் விலையை நம்முட் பகிர்ந்து கொடுப்பது நமக்கு அரியதோ?