ஒட்டும் பசையும் பூட்டும் பசையும்

ஒரு இயர்போன் அறுந்துபோவது அரசியல் செய்தியாகாது. சில நூறு ரூபாய் பெறும் பொருள். போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பதே சந்தை சொல்லும் பதில். உழைக்கும் குடும்பத்தின் கணக்கு வேறு. கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, ஒரே அறையில் இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் இயர்போனும் பாடப்புத்தகத்தைப் போன்ற தேவையானது. உணவு கொண்டுசெல்லும் தொழிலாளிக்கு அது வழிகாட்டும் கருவி. அது உடைந்தால் முதலில் தேடப்படுவது கடை அல்ல, வீட்டில் இருக்கும் ஐந்து ரூபாய்ப் பசைக்குழாய்.

பிளந்துபோன மேல்மூடியைப் பசை ஒட்டிவிடும். ஆனால் பெரும்பாலான கம்பி இயர்போன்கள் பழுதாவது மூடியில் அல்ல. ஜாக் முனையை ஒட்டி, மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுவதில்தான். அங்கே பசை உதவாது, அது மின்சாரத்தைக் கடத்தாது. மயிரிழை போன்ற செம்பு இழைகளின் மேலுள்ள வண்ணப்பூச்சைச் சூட்டால் நீக்கி, ஈயத்தால் பற்றவைத்து, அதன்பின் அந்த இடம் மீண்டும் மடங்காதபடி ரப்பர் குழாயும் பசையும் கொண்டு காப்பிட வேண்டும். கால் மணி நேர வேலை. அதைச் செய்யத் தெரிந்த கைகள் ஐ.டி.ஐ. வகுப்புகளிலும், ஆ. மாதவனின் கதைகளால் தமிழ் வாசகர் அறிந்த திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு போன்ற எல்லாக் கடைத்தெருக்களின் சிறு கடைகளிலும் உண்டு.

இந்தத் திறமையைச் செல்லாக்காசாக்கும் மற்றொரு பசையும் இருக்கிறது. அது நிறுவனங்களின் பசை. ஆப்பிள் நிறுவனம் 2016இல் தன் ஐபோன் 7இலிருந்து இயர்போன் துளையை நீக்கியது. அதே ஆண்டில் கம்பியில்லா ஏர்பாட்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று கருவிகளை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் அமைப்பு அதற்கு அளித்த மதிப்பெண் பத்துக்குப் பூஜ்யம். உள்ளேயிருக்கும் சின்னஞ்சிறு லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். ஒலிக்கும் பகுதி நன்றாகவே இருக்கும். ஆனால் பசையிட்டு மூடிய கூட்டை உடைக்காமல் பேட்டரியை மாற்ற முடியாது. ஒரு சிறு உறுப்பின் ஆயுளே முழுக் கருவியின் ஆயுளாகிவிடுகிறது.

கருவி சிறிதாகவும் நீர் புகாமலும் இருக்க வேறு வழியில்லை என்பது நிறுவனங்களின் வாதம். நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2024இல் பேட்டரியை மாற்றக்கூடிய கம்பியில்லா இயர்போனை வெளியிட்டு இந்த வாதத்தைப் பொய்யாக்கியது. ஆகவே இது தொழில்நுட்பத்தின் எல்லை அல்ல, இலாபத்தின் தேர்வு. இது புதிதும் அல்ல. 1924இல் உலகின் பெரும் மின்விளக்கு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து, விளக்கின் ஆயுளை ஆயிரம் மணி நேரமாகக் குறைக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கு மேல் எரியும் விளக்கைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம் விதித்தன. பொருள் மக்களுக்குப் பயன்படும் காலமும் முதலாளிக்கு இலாபம் தரும் காலமும் முரண்படும்போது, முதலாளித்துவம் வெட்டுவது பயனைத்தான்.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது? 2022ஆம் ஆண்டில் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே. கழிவு எதுவானாலும் அதைச் சுமப்பவர் யார் என்பதைத் திருவனந்தபுரம் நன்கறியும். நகரத்தின் குப்பை தங்கள் ஊரில் கொட்டப்படுவதை எதிர்த்து விளப்பில்சாலை மக்கள் நடத்திய போராட்டத்தால் 2011இல் அங்கிருந்த ஆலை மூடப்பட்டது. 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்குக் கீழே செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குவிந்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். வீடு வீடாகச் சென்று கழிவைத் தரம் பிரித்து எடுப்பவர்கள் ஹரித கர்ம சேனையின் பெண்கள். தூக்கி எறியப்படுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒவ்வொரு பொருளும் அவர்களின் வேலைப்பளுவைக் கூட்டுகிறது. அந்த வடிவமைப்பில் இலாபம் ஈட்டியவரோ அந்தத் தெருவில் கால் வைப்பதே இல்லை.

ஒன்றிய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவல் தருவதே அதன் அடிப்படை. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளும், பொருள் செத்தபின் மறுசுழற்சி செய்வதையே மையமாகக் கொண்டவை. சாகாமல் காப்பதை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி முதல் பொருந்தும். அங்கே சட்டத்துக்குப் பணியும் அதே நிறுவனங்களிடம் இங்கே வேண்டுகோள் மட்டும் வைப்பது, இந்திய மக்களை இரண்டாம்தர நுகர்வோராக நடத்துவதாகும்.

மாற்றுப் பாதைக்கான மரபு திருவனந்தபுரத்திலேயே உண்டு. காது கேட்கும் கருவிகளையும் தயாரித்த பொதுத்துறை நிறுவனமான கெல்ட்ரான் 1973இல் இங்கே தொடங்கப்பட்டது. மென்பொருளை ஆராயவும் மாற்றவும் பயன்படுத்துபவருக்கு உரிமை வேண்டும் என்ற கொள்கையோடு இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கியதும் இந்நகரில்தான். கேரளத்தின் அரசுப் பள்ளிகள் அக்கொள்கையை நடைமுறையாக்கின. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் ஐ.டி.ஐ. மாணவர்களும் ஆசிரியர்களும் அணியணியாகச் சென்று, நீர் புகுந்த வீடுகளின் மின்இணைப்புகளையும் சாதனங்களையும் சரிசெய்தனர். மென்பொருளுக்குப் பொருந்தும் நியாயம் கருவிக்கும் பொருந்தும்: திறந்து பார்க்க முடியாத பொருள், விலை கொடுத்த பின்பும் வாங்கியவருக்கு முழுதாகச் சொந்தமில்லை.

ஒவ்வொருவரும் வீட்டில் பசை கொண்டு ஒட்டினால் உலகம் திருந்திவிடும் என்பது முதலாளித்துவம் விரும்பும் உபதேசம். பொறுப்பைத் தனிமனிதர் தலையில் ஏற்றும் தந்திரம் அது. வீங்கிய லித்தியம் பேட்டரியை வீட்டில் திறப்பது தீ விபத்துக்கும் வழிவகுக்கும். தேவைப்படுவது சட்டம். பேட்டரி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். உதிரிபாகங்களும் பழுதுநீக்கக் கையேடும் நியாய விலையில் சிறு கடைகளுக்கும் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் தொழிலாளர்க்குப் பயிற்சியும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும். இக்கோரிக்கைகளை நுகர்வோர் குறையாக மட்டும் விட்டுவிடாமல், தொழிற்சங்கங்களும் வாலிபர், மாணவர் அமைப்புகளும் தம் போராட்டத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். உடைந்ததை ஒட்டும் பசை உழைப்பாளி கையில் இருக்கிறது. பூட்டி வைக்கும் பசையை அகற்ற, ஒன்றுபட்ட இயக்கம் வேண்டும்.