தப்பு யார் கூட்டலில்?

சென்ற மே மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இது. பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு மகள் வீட்டில் இருந்தாள். லீவில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளட்டும் என்று டவுனில் ஒரு சென்டரில் 1,500 ரூபாய் கட்டினேன். பதினைந்து நாளும் டைப் அடிக்கவும் படம் வரையவும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். "பொட்டப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று மாமியார் முணுமுணுத்தார்.

அப்போது கோவையில் காலேஜ் படிக்கும் என் நாத்தனார் மகள் லீவுக்கு வந்தாள். தன் பழைய லேப்டாப்பில் என் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கும் 'பைத்தான்' சொல்லிக் கொடுத்தாள். பத்தே நாள்தான்!

எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. இலைக் கணக்கை நான் நோட்டில் எழுதி வைப்பேன். அந்த மாதம் ஃபேக்டரி சீட்டில் 14 கிலோ குறைகிறதே என்று பொருமிக்கொண்டிருந்தேன். தினசரி எடையைக் கூட்ட மகள் தானே ஒரு புரோகிராம் எழுதிப் போட்டுப் பார்த்தாள். "அம்மா, சீட்டு சரி. தப்பு உன் கூட்டல்லதான்!" என்றாள். மாமியாரே சிரித்துவிட்டார்.

பத்தாவது முடிந்த கையோடு எந்த குரூப் என்று முடிவு செய்ய வேண்டும். 2018, 2019-ல் வந்த நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெண் எப்படித் தேர்ந்தெடுப்பாள்? 'நமக்கு வராது' என்று ஒதுங்கத்தானே செய்வாள்?

அமெரிக்காவில் 'கேர்ள்ஸ் ஹூ கோட்' என்ற அமைப்பு, 2012 முதல் பள்ளிப் பெண்களுக்குக் கோடை விடுமுறையில் இலவசமாகவே புரோகிராம் எழுதக் கற்றுத் தருகிறது. தொடங்கியவர் இந்திய வம்சாவளிப் பெண்ணான ரேஷ்மா சௌஜானி. அதே நாட்டில் 1940-களில் 'எனியாக்' கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் புரோகிராம் எழுதியவர்களும் ஆறு பெண்கள்தான். அப்புறம் எப்படி இது ஆண்பிள்ளை படிப்பு ஆகும்?

மே மாதம் நம் நீலகிரியில் மலர்க்கண்காட்சி, சீசன் என்று ஊரே அமர்க்களப்படுகிறது. அதே மாதத்தில் அரசுப் பள்ளி ஹைடெக் லேபை இரண்டு வாரம், காலை 10 முதல் 1 மணி வரை பெண்களுக்காகத் திறந்தால் என்ன? ஒரு டீச்சரும், லீவுக்கு வந்த காலேஜ் பெண்கள் இரண்டு பேரும் போதும். மத்தியான மழைக்கு முன் பஸ் பிடித்து எஸ்டேட் பிள்ளைகளும் வீடு சேர்ந்துவிடலாம்.

நாமும் லீவு விட்டதும் பெண்ணை மட்டும் அடுப்படிக்கு இழுக்காமல் இருக்க வேண்டும். என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்துவிட்டாள். இலைக் கணக்கும் இப்போது அவள் பொறுப்புதான்!

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, கோத்தகிரி.