தேன் கடைக்கு வந்த வில்லங்க விமர்சனம்

கல்வராயன் மலைத் தேன், சாமை, தினை, கடுக்காய்... கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்தபடியே இவற்றை ஊரெங்கும் விற்க இன்று ஒரு வலைப்பக்கம் போதும். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் இதே வழிதான். தெரிந்த தம்பி யாராவது ஒரு வாரத்தில் பக்கம் போட்டுக் கொடுத்துவிடுவார். கீழே வாடிக்கையாளர்கள் கருத்து எழுத ஒரு பெட்டியும் வைப்பார். வில்லங்கம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வரும்.

பக்கம் சட்டென்று திறக்க வேண்டும் என்பதற்காக விலை, இருப்பு, கருத்து எல்லாவற்றையும் 'ஜேசன்' என்ற வடிவில் கோத்து, பக்கத்தின் ஸ்கிரிப்ட் பகுதிக்குள்ளேயே வைத்து அனுப்புவது வழக்கம். கருத்துதான் மேற்கோள் குறிகளுக்குள் பத்திரமாக இருக்கிறதே என்று பலரும் நினைக்கிறார்கள். அங்குதான் சறுக்கல்.

கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் நன்கொடைச் சீட்டுகளை வாசிப்பார். ஒரு சீட்டில் குறும்புக்காரர் ஒருவர், "நன்கொடைப் பட்டியல் முடிந்தது. அன்னதானம் பின்வாசலில், எல்லோரும் வரவும்" என்று எழுதிவிடுகிறார். அவரும் அப்படியே வாசித்துவிட்டால்? கூட்டம் பின்வாசலுக்குத்தான் ஓடும். மைக்கில் வந்ததாயிற்றே!

பிரவுசரும் இப்படித்தான். ஸ்கிரிப்ட் பகுதி எங்கே முடிகிறது என்று தேடும்போது அது மேற்கோள் குறிகளைப் பார்ப்பதில்லை. கருத்துக்குள் யாராவது ஸ்கிரிப்டை மூடும் குறியை எழுதியிருந்தால், "பட்டியல் முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் எழுதியது கடையின் சொந்தக் கட்டளைபோல ஓடும். கடைக்காரர் லாகின் செய்த நிலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், ஆர்டர் கொடுத்தவர்களின் முகவரி, போன் நம்பர் வெளியே போகலாம். பணம் கட்டும் கியூஆர் கோடே மாறிவிடலாம். தேன் வாங்கியவர் கட்டிய காசு யாருக்கோ!

பெரிய நிறுவனங்களும் இந்த ரகக் கோளாறில் சிக்கியிருக்கின்றன. 2014 ஜூனில், ட்விட்டரின் ட்வீட்டெக்கில் ஆஸ்திரிய இளைஞர் ஒருவர் இதயக் குறி போட்டுப் பார்க்கப்போய் ஓட்டை வெளிப்பட்டது. பிறகு வேறொருவர் எழுதிய ட்வீட், பார்த்தவர்களின் கணக்கிலிருந்து தானாகவே பல்லாயிரம் முறை மறுபதிவானது. சேவையைச் சிறிது நேரம் நிறுத்தித்தான் சரிசெய்தார்கள்.

மருந்து சின்னதுதான். ஸ்கிரிப்ட் பகுதிக்குள் தரவை வைக்கும்முன் < என்ற குறி வரும் இடத்திலெல்லாம், பின்சாய்வுக் கோட்டுடன் அதன் யூனிகோடு எண்ணை எழுதிவிட வேண்டும். பிரவுசருக்கு மூடும் குறி கண்ணில் படாது. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் அதைப் பழைய குறியாகவே படித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறாது. (சாதாரணப் பக்கத்தில் பயன்படும் ஹெச்டிஎம்எல் மாற்றுக்குறிகள் ஸ்கிரிப்டுக்குள் அப்படியே கிடக்கும். கருத்து அலங்கோலமாகத் தெரிவதுதான் மிச்சம்.) பைத்தானின் ஜாங்கோவில் 2018-ல் வந்த 2.1 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு வசதி உண்டு. அதன்பிறகும் அந்தக் கருத்தைத் திரையில் காட்டும்போது வெறும் எழுத்தாகத்தான் காட்ட வேண்டும். ஹெச்டிஎம்எல்லாக நுழைத்தால் பழைய கதைதான்.

உங்களுக்கும் ஒரு கடைப் பக்கம் இருந்தால், போட்டுக் கொடுத்த தம்பியிடம் சொல்லி, ஸ்கிரிப்டை மூடும் குறியை உங்கள் கருத்துப் பெட்டியில் எழுதச் செய்து பாருங்கள். எழுதியது எழுதியபடியே கருத்தாகத் தெரிய வேண்டும். பக்கம் பாதியில் உடைந்து நின்றால், அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள்.